எக்கோவைப் பக்குவமாகக் கெடுப்பது எப்படி? பழைய டேப் எக்கோ கிட்டார் ஒலியை இன்றைய பெடலில் கொண்டுவர ஒரு வழிகாட்டி

புது டிலே பெடல் (கிட்டார் சத்தத்தைச் சற்றுத் தாமதித்துத் திருப்பிச் சொல்லும் பெட்டி) வாங்கிய அன்று எல்லோரும் செய்வது ஒன்றுதான். ‘டேப்’ என்று எழுதியிருக்கும் இடத்துக்கு நாபைத் திருப்பி, ஆசையாக ஒரு சுரத்தை வாசித்துப் பார்ப்போம். எக்கோ வரும். பளிச்சென்று, அச்சடித்த மாதிரி, ஒன்றன் பின் ஒன்றாக வரும். ஆனால் பழைய ரெக்கார்டுகளில் கேட்டு மயங்கிய அந்தச் சத்தம் வராது. எங்கே தப்பு என்று தெரியாமல் எக்கோவை இன்னும் கூட்டுவோம். இன்னும் மோசமாகும்.

இன்றைய பெடல் ரொம்ப நல்ல பிள்ளை. கொடுத்ததை அப்படியே திருப்பிக் கொடுக்கும். பழைய டேப் எக்கோ ஒவ்வொரு முறை திருப்பிச் சொல்லும்போதும் கொஞ்சம் மங்கி, கொஞ்சம் ஆடி, கொஞ்சம் பிசிறடித்துத்தான் சொல்லும். நமக்குப் பிடித்துப்போனது அந்தக் கோளாறுதான். ஆகவே நம் வேலை, நல்ல எக்கோவைப் பக்குவமாகக் கெடுப்பது. எதை முதலில் கெடுப்பது, எந்த அளவோடு கையை எடுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பெட்டிக்குள் நடந்தது

டேப் எக்கோ பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது ஒரு சின்ன டேப் ரெக்கார்டர்தான். கேசட்டில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு டேப்பும் ஹெட்டும் புதிதல்ல. இந்த டேப்புக்கு மட்டும் ஆரம்பமும் முடிவும் கிடையாது. இரண்டு முனைகளையும் ஒட்டி வளையமாக்கி ஓடவிட்டிருப்பார்கள். வழியில் முதலில் அழிக்கும் ஹெட், அடுத்துப் பதியும் ஹெட், அப்புறம் சற்றுத் தள்ளி வாசிக்கும் ஹெட். நீங்கள் வாசித்த சுரம் பதியும் ஹெட்டில் டேப் மேல் ஏறி, டேப்போடு பயணம் செய்து, வாசிக்கும் ஹெட்டை எட்டும்போது மறுபடி கேட்கும். அந்தப் பயண நேரம்தான் எக்கோ நேரம்.

கணக்கு எளிது. டேப் ஒரு செகண்டுக்கு 15 அங்குலம் ஓடுகிறது, இரண்டு ஹெட்டுக்கும் நடுவே 2 அங்குலம் இருக்கிறது என்றால், 2-ஐ 15-ஆல் வகுக்க 0.133 செகண்ட். அதாவது 133 மில்லிசெகண்ட். வேகத்தைப் பாதியாக்கி 7.5 அங்குலம் ஆக்கினால் அதே இடைவெளியில் 267 மில்லிசெகண்ட். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வாசிக்கும் ஹெட்டில் கிடைத்ததில் கொஞ்சம் எடுத்து மறுபடி பதியும் ஹெட்டுக்கே அனுப்பினால் எக்கோவுக்கு ஒரு எக்கோ வரும், அதற்கு இன்னொன்று வரும். ஒரு கேசட்டைப் பார்த்து இன்னொரு கேசட், அதைப் பார்த்து மூன்றாவது கேசட் என்று காப்பி எடுத்த பாட்டைக் கேட்டிருக்கிறீர்களா? ஜாலராவின் கிணுகிணுப்பு முதலில் போகும். குரல் கம்பளி போர்த்தியது போல ஆகும். பின்னால் ‘உஸ்’ என்ற இரைச்சல் ஏறும். டேப் எக்கோவில் ஒவ்வொரு திருப்பமும் அப்படி ஒரு காப்பிதான். மூன்றாவது, நான்காவது திருப்பம் வருவதற்குள் சுரத்தின் நிழல்தான் மிஞ்சும்.

இதோடு மோட்டார். டேப்பை இழுக்கும் மோட்டாரும் ரப்பர் உருளையும் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் ஒரே வேகத்தில் ஓடாது. மெதுவாக ஏறி இறங்கும் ஆட்டத்துக்கு ‘வாவ்’ என்று பெயர், படபடவென்ற சின்ன நடுக்கத்துக்கு ‘ஃப்ளட்டர்’. இரண்டுமே சுருதியை மயிரிழை அளவு அசைக்கும். கடைசியாக, டேப்பில் அளவுக்கு மேல் சத்தம் ஏற்றினால் அது உடையாமல் அமுங்கும். ஓங்கி அடித்த சுரத்தின் முனை மழுங்கி, உருண்டு வரும்.

நேரம், மங்கல், ஆட்டம், அமுக்கம். இந்த நான்கும்தான் சரக்கு. பெடலில் இருக்கும் மற்ற நாப்கள் எல்லாம் அப்புறம்.

எந்தச் சத்தம் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

‘டேப் எக்கோ’ என்று ஒரே ஒரு சத்தம் கிடையாது. குறைந்தது மூன்று குடும்பம் உண்டு.

முதலாவது ஸ்லாப்பேக். அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்தில் சாம் ஃபிலிப்ஸ் நடத்திய சன் ஸ்டூடியோவில், 1950-களின் நடுவில், இரண்டு ஆம்பெக்ஸ் டேப் மிஷின்களை வைத்து எடுத்த ஒற்றை எக்கோ. எல்விஸ் பிரெஸ்லியின் ஆரம்பகால ரெக்கார்டுகளில் கேட்பது. ரே பட்ஸ் என்பவர் டேப் எக்கோவை ஆம்புக்குள்ளேயே (கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டிக்குள்ளேயே) பொருத்தி ‘எக்கோசோனிக்’ என்று செய்து கொடுத்தார். கிட்டார் கலைஞர் செட் அட்கின்ஸ் அதை வாங்கினார், எல்விஸின் கிட்டார்காரர் ஸ்காட்டி மூர் 1955-ல் வாங்கினார். ஸ்டூடியோ சத்தம் மேடைக்கு வந்தது அப்படித்தான்.

இரண்டாவது, பல ஹெட் எக்கோ. இங்கிலாந்தின் ‘ஷேடோஸ்’ குழுவும் அதன் கிட்டார்காரர் ஹேங்க் மார்வினும். 1960-ல் வந்த ‘அப்பாச்சி’ என்ற வாத்திய இசை ரெக்கார்டு பிரிட்டனில் முதலிடத்தில் ஐந்து வாரம் இருந்தது. மார்வின் கையில் இருந்தது ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், வாக்ஸ் ஆம்ப், இவற்றோடு இத்தாலியின் மெயாட்ஸி நிறுவனம் செய்த எக்கோ பெட்டி. பெட்டியை அவருக்குக் கொடுத்தவர் பாடகர் ஜோ பிரவுன். கிட்டாரை அமெரிக்காவிலிருந்து தருவித்தவர் பாடகர் கிளிஃப் ரிச்சர்ட். இந்தக் கிளிஃப் ரிச்சர்ட் பிறந்தது நம் லக்னோவில், 1940-ல். இது சும்மா கொசுறு.

மூன்றாவது, நீண்டு மிதக்கும் எக்கோ. மைக் பேட்டில் வடிவமைத்து 1959 வாக்கில் வெளிவந்த எக்கோபிளெக்ஸ், ரோலண்ட் 1974-ல் கொண்டுவந்த ஆர்இ-201 ஸ்பேஸ் எக்கோ போன்ற பெட்டிகளின் வேலை. ராக், ரெக்கே, டப் எல்லாவற்றிலும் இது உண்டு. பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் கிட்டார்காரர் டேவிட் கில்மோர் வாசித்த பின்சன் எக்கோரெக்கையும் பலர் இதே கணக்கில் சேர்ப்பார்கள். சொல்லப்போனால் அதில் டேப்பே இல்லை, காந்தத் தட்டு ஒன்று சுழலும். தேய்ந்து நைந்து போகும் டேப் இல்லாததால் ஆட்டம் குறைவு. அந்தச் சத்தத்தைத் தேடுகிறவர் ஆட்டத்தைக் கூட்டினால் வழி தவறிவிடுவார்.

புதிதாகத் தொடங்குகிறவர் ஸ்லாப்பேக்கில் தொடங்குவதே நல்லது. ஒற்றை எக்கோ என்பதால் எங்கே தப்பு நடந்தாலும் உடனே காதில் விழும்.

பெடல் எது இருந்தால் போதும்

கையில் இருப்பதே போதும். டேப் எக்கோவுக்கென்றே செய்த பெடல் இருந்தால் வசதி: ஸ்ட்ரைமன் எல் கேப்பிஸ்டான், பல ஹெட் வேண்டுமானால் அதே கம்பெனியின் வொலாண்டே, பாஸ் ஆர்இ-2, ஆர்இ-202. லைன் 6 டிஎல்4 பழசானாலும் அதில் டேப் எக்கோவும் உண்டு, பல ஹெட் எக்கோவும் உண்டு. ஜூம் மாதிரி மல்டி எஃபெக்ட் வைத்திருப்பவர்கள் அதன் பட்டியலில் டேப் எக்கோ என்று தேடினால் கிடைக்கும். எம்எக்ஸ்ஆர் கார்பன் காப்பி போன்ற அனலாக் டிலே டேப் அல்ல, ஆனாலும் தானாகவே மங்கலாகத் திருப்பித் தரும். ‘டேப்’ என்று பெயர் போட்ட பளிச் டிஜிட்டலைவிட இந்த வேலைக்கு அதுவே மேல் என்பது என் கட்சி.

ஒரு எச்சரிக்கை. பெடல்களில் பெரும்பாலானவை 9 வோல்ட், பிளக்கின் நடுமுனை நெகட்டிவ். டிஜிட்டல் டிலேக்கள் சில 300 மில்லியாம்பியர் வரை கேட்கும். வீட்டில் கிடந்த கீபோர்டு அடாப்டரும் 9 வோல்ட்தானே என்று சொருகி, என் முதல் பெடலை நானே வழியனுப்பி வைத்தேன். நடுமுனை பாசிட்டிவ் என்று அடாப்டர் மேலேயே படம் போட்டிருந்தது. பார்த்தால்தானே.

இணைப்பு வரிசை

கிட்டார், அப்புறம் ஓவர்டிரைவ் (சத்தத்தைக் கரகரப்பாக்கும் பெடல்) இருந்தால் அது, அப்புறம் டிலே, அப்புறம் ரிவெர்ப் (அறையின் முழக்கத்தைச் சேர்ப்பது), கடைசியில் ஆம்ப். ஓவர்டிரைவுக்கு முன்னால் டிலேயை வைத்தால் எக்கோக்களும் வாசிப்பும் ஒன்றாகச் சேர்ந்து நொறுங்கும், சேறு மாதிரி ஆகும்.

ஆம்பின் உள்ளேயே டிஸ்டார்ஷன் போடுகிறவர்கள் ஆம்பின் பின்னால் இருக்கும் எஃபெக்ட் லூப்பில் (பெடலை ஆம்பின் உள்வழியில் சேர்க்கும் சொருகுவழியில்) டிலேயைச் சேர்ப்பார்கள். நாம் தேடும் சத்தத்துக்கு அது வேண்டாம். அந்தக் காலத்து ஆம்புகளில் லூப் என்ற ஒன்றே இல்லை. எக்கோ பெட்டி நேராக ஆம்பின் முகப்பில்தான் போய் நின்றது. ஆம்பைச் சுத்தமான சத்தத்துக்கும் லேசான கரகரப்புக்கும் நடுவில் வைத்து, முன்பக்கமே சொருகுங்கள். வாசிப்பு சற்றே கரகரக்கும், எக்கோ அதைவிட மெலிந்து வருவதால் சுத்தமாகக் கேட்கும். அந்த வேறுபாடே பாதி சத்தம்.

போன் ஆப்பில் பழகுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ப்ளூடூத் ஹெட்போன் போடாதீர்கள். அதுவே தன் பங்குக்குத் தாமதத்தைச் சேர்க்கும். ஒயர் போட்டது இருக்கட்டும்.

முதல் பாடம்: ஸ்லாப்பேக்

டோன் நாபை நடுவில் வையுங்கள். ஆட்டம், ரிப்பீட் (எக்கோ எத்தனை முறை வர வேண்டும் என்பது) எல்லாம் பூஜ்யம். ரிப்பீட் பூஜ்யத்தில் இருந்தால் பெரும்பாலான பெடல்கள் ஒரே ஒரு எக்கோ தரும், அதுதான் வேண்டும். எக்கோவின் சத்த அளவை வைக்கும் மிக்ஸ் நாபைத் தற்காலிகமாகப் பாதிக்குத் திருப்புங்கள், எக்கோவும் வாசிப்பும் சம சத்தத்தில் கேட்கட்டும். நேரத்தைச் சரிசெய்யும்போது மட்டும் இப்படி.

இப்போது இடது உள்ளங்கையால் ஆறு ஸ்ட்ரிங்கையும் மூடிப் பிடித்து, பிக்கால் ஒரே தட்டு. ‘டக்’ என்று சுரமில்லாத ஓசை வரும். சுரம் இருந்தால் காது அதன் பின்னால் போய்விடும், இந்த ‘டக்’ நேரத்தை மட்டும் காட்டும். டைம் நாபை 50 மில்லிசெகண்டில் வைத்துத் தட்டுங்கள். ‘டட்க்’ என்று இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே தட்டு தடித்த மாதிரி கேட்கும். மெல்லக் கூட்டுங்கள். 80 தாண்டும்போது இரண்டும் பிரியத் தொடங்கும். 120, 130-இல் ‘டக்-டக்’ என்று தெளிவாக இரண்டு, ஆனால் இரண்டாவது முதலாவதின் வாலைப் பிடித்துக்கொண்டே வரும். 180-க்கு மேல் போனால் வால் அறுந்துவிடும், யாரோ பின்னால் நின்று வேறு தட்டுத் தட்டுகிற மாதிரி இருக்கும்.

அந்த வால் பிடித்த இடத்தில் நிறுத்துங்கள். நாபில் எண் தெரிகிற பெடல் என்றால் பெரும்பாலும் 110-க்கும் 140-க்கும் நடுவே நிற்பீர்கள். மேலே போட்ட 133 கணக்கை ஒருமுறை பாருங்கள். ஸ்டூடியோ டேப் மிஷினின் வேகமும் ஹெட் இடைவெளியும் சேர்ந்து தந்த எண்தான் அது. யாரும் உட்கார்ந்து அழகு பார்த்துத் தேர்ந்தெடுத்ததில்லை, இரும்பும் மோட்டாரும் தந்ததை எடுத்துக்கொண்டார்கள்.

நேரம் அமைந்ததும் மிக்ஸை இறக்குங்கள். நான் செய்வது இப்படி: மிக்ஸை முழுக்கப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய், வாசித்துக்கொண்டே மெல்லக் கூட்டி, எக்கோ இருப்பது முதலில் தெரிகிற இடத்தில் நிறுத்துவேன். அங்கிருந்து துளி மட்டும் கூட்டுவேன். சட்டென்று கையை வைத்து ஸ்ட்ரிங்கை மூடினால் எக்கோ தனியாகக் கேட்க வேண்டும். வாசிக்கும்போது அது தெரியவே கூடாது, கிட்டார் கொஞ்சம் பெருத்த மாதிரி மட்டும் இருக்க வேண்டும்.

மங்கவைப்பது

அடுத்து டோன். பெடலில் டோன் நாபோ டேப் ஏஜ் நாபோ இருந்தால் எக்கோவின் கூர்மை குறையும் பக்கம் திருப்புங்கள். ரிப்பீட்டைத் தற்காலிகமாக மூன்று நான்கு எக்கோ வரும்வரை கூட்டிக்கொண்டு கேட்டால் வேறுபாடு நன்றாகத் தெரியும். முதல் எக்கோ வாசிப்பைவிடச் சற்று மங்கல், இரண்டாவது அதைவிட மங்கல். படிப்படியாக இறங்க வேண்டும். எல்லா எக்கோவும் ஒரே அளவு மங்கலாக வந்தால், அந்தப் பெடல் வெளியே போகும் வழியில் மட்டும் ஃபில்டர் வைத்திருக்கிறது, சுழற்சிக்குள் வைக்கவில்லை என்று அர்த்தம். வாங்கப் போகும்போது கடையிலேயே இந்தச் சோதனையைச் செய்துவிடலாம்.

கம்ப்யூட்டரில் ரெக்கார்ட் செய்கிறவர்கள் டிலே பிளகினின் ஃபில்டரில் 3,000 முதல் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிப் பாருங்கள். கீழேயும் 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்ட வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தடித்த ஸ்ட்ரிங்கின் ‘தொம்’ ஒவ்வொரு எக்கோவிலும் குவிந்தால் நான்கு சுரத்தில் அறையே கும்மென்று ஆகிவிடும்.

டோன் நாபே இல்லாத எளிய டிஜிட்டல் பெடலா? கிட்டாரில் நெக் பக்கத்துப் பிக்கப்பைப் போட்டு வாசியுங்கள், மிக்ஸை இன்னும் இறக்குங்கள். சத்தம் குறைந்த எக்கோ காதுக்கு மங்கலாகவே படும். முழு மருந்து அல்ல, ஆனால் கைகொடுக்கும்.

ஆட்டம்: இங்கேதான் எல்லோரும் கெடுக்கிறார்கள்

ஆட்ட நாப் இருந்தால் அதைத் திருப்பாமல் இருக்க மனசு வராது. திருப்பினால் எக்கோ கடலில் மிதக்கிற மாதிரி இருக்கும், ஐந்து நிமிஷம் சுகமாகவும் இருக்கும். ஆனால் நன்றாகப் பராமரித்த டேப் எக்கோ அப்படி ஆடாது. அப்படி ஆடினால் அதை ரிப்பேருக்குக் கொடுப்பார்கள்.

ஒரே ஒரு சுரத்தை நீளமாகப் பிடியுங்கள். எக்கோ அந்தச் சுரத்தின் மேல் வந்து படியும்போது சுருதி அசைவது அப்பட்டமாகத் தெரிந்தால் ஆட்டம் அதிகம். குறையுங்கள். அசைவதே தெரியாத இடம் வந்ததும், ஆட்டத்தை முழுக்க அணைத்துவிட்டு அதையே வாசித்துப் பாருங்கள். ஏதோ உயிர் போன மாதிரி, தட்டையாக இருந்தால், முன்பு வைத்த இடம் சரி. ஸ்லாப்பேக்குக்கு ஆட்டம் அநேகமாக வேண்டியதே இல்லை, ஒற்றை எக்கோ அதற்குள் வந்து போய்விடும். நீண்ட எக்கோவுக்குத்தான் இது உதவும்.

அமுக்கம்

இதற்குப் பெடலில் சாச்சுரேஷன் என்றோ ரெக்கார்ட் லெவல் என்றோ நாப் இருக்கலாம். இல்லாவிட்டால் டிலேக்கு முன்னால் ஒரு பூஸ்டர் பெடல் போதும். எக்கோபிளெக்ஸில் ஒரு வேடிக்கை உண்டு. இபி-3 மாடலின் உள்ளே இருந்த ப்ரீஆம்ப் (சத்தத்தை முதலில் உயர்த்தும் பகுதி) கிட்டாரின் சத்தத்தையே கொஞ்சம் செழிப்பாக்கியது. அதற்காகவே எக்கோவை அணைத்துவிட்டுப் பெட்டியின் வழியே வாசித்தவர்கள் உண்டு. இன்று அந்த ப்ரீஆம்பை மட்டும் தனிப் பெடலாக விற்கிறார்கள். டேப் எக்கோ என்றால் எக்கோ மட்டும் என்று நினைத்துத் தேடினால் இந்தப் பாதி கிடைக்காமலே போகும்.

பல ஹெட் எக்கோ

ஷேடோஸ் சத்தத்துக்கு வருவோம். இங்கே ஒரே டைம் நாபை வைத்துக்கொண்டு எவ்வளவு திருப்பினாலும் கிடைக்காது. காரணம், பெட்டிக்குள் வாசிக்கும் ஹெட் ஒன்றல்ல, பல. ஒரு சுரம் வாசித்தால் ஒவ்வொரு ஹெட்டும் தன் இடத்தில் அதைத் திருப்பிச் சொல்லும். எந்த ஹெட்டை இயக்குகிறோம் என்பதைப் பொறுத்து எக்கோவே ஒரு தாளக்கட்டு ஆகிவிடும்.

ஸ்பேஸ் எக்கோவை உதாரணமாக எடுத்தால் விளங்கிக்கொள்வது சுலபம். அதில் மூன்று வாசிப்பு ஹெட், ஏறக்குறைய சம தூரத்தில். கடைசி ஹெட் 400 மில்லிசெகண்டில் இருந்தால் மற்ற இரண்டும் 133, 267 பக்கத்தில் வரும். மூன்றும் இயங்கினால் ‘தக-தக-தக’ என்று சீராக உருளும். நடுவில் இருப்பதை அணைத்தால் நடை மாறும், நொண்டுகிற மாதிரி ஒரு அழகு வரும். ஆர்இ-201-இன் பெரிய வட்ட நாபில் 12 நிலை: முதல் நான்கு வெறும் எக்கோ, அடுத்த ஏழு எக்கோவும் ரிவெர்பும், கடைசி வெறும் ரிவெர்ப். பல ஹெட் பெடல் உங்களிடம் இருந்தால் டைம் நாபைத் தொடாமல் இந்த நிலைகளை மட்டும் மாற்றி மாற்றி அரை மணி நேரம் வாசித்துப் பாருங்கள். வேறு எந்தப் பாடமும் இவ்வளவு சொல்லித்தராது.

பல ஹெட் பெடல் இல்லையா? இரண்டு சாதாரண டிலே போதும். நண்பரிடம் ஒன்று கடன் வாங்குங்கள். முதலாவதை 130 பக்கம் வைத்து ரிப்பீட் பூஜ்யம், மிக்ஸ் குறைவு. இரண்டாவதை 380 பக்கம் வைத்து இரண்டு எக்கோ வருமளவு ரிப்பீட். முதலாவதின் எக்கோவும் இரண்டாவதுக்குள் போய்த் திரும்புவதால் எக்கோ பின்னிப் பின்னி வரும். இந்த எண்கள் நான் தொடங்கும் இடம் மட்டுமே. 380-ஐ முன்னும் பின்னும் பத்துப் பத்தாக நகர்த்தினால் ஓர் இடத்தில் வாசிப்பின் நடையோடு வந்து பொருந்தும், உங்களுக்கே தெரியும்.

ரெக்கார்டில் கேட்பது முழுவதும் எக்கோ பெட்டியின் வேலை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் எக்கோ சேம்பர் என்று காலி அறை ஒன்று இருந்தது. ஸ்பீக்கரில் சத்தத்தை உள்ளே விட்டு, சுவரில் பட்டுத் திரும்புவதை மைக்கில் பிடிப்பார்கள். அந்த அறையின் வாசம் டிலே பெடலில் வராது. டிலேக்குப் பின்னால் ரிவெர்பைக் கொஞ்சம், நிஜமாகவே கொஞ்சம், சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீண்ட எக்கோ

இதற்கு நேரம் 300 முதல் 500 மில்லிசெகண்ட். ரிப்பீட் நான்கைந்து. பாட்டின் வேகத்தோடு பொருந்த வைக்க ஒரு கணக்கு: 60,000-ஐ நிமிஷத்துக்கு எத்தனை தாள அடி என்ற எண்ணால் வகுத்தால் ஓர் அடியின் நேரம் மில்லிசெகண்டில் கிடைக்கும். 120 அடி என்றால் 500. அதில் முக்கால் பங்கு 375, இது துள்ளலாக இருக்கும்.

ஆனால் பழைய வாசிப்பு வேண்டுமென்றால், காலால் தட்டி எக்கோ நேரத்தைப் பாட்டோடு பொருத்தும் ‘டாப் டெம்போ’ (tap tempo) சுவிட்சை மிதிக்காதீர்கள். அந்தக் காலத்தில் அது கிடையாது. பெட்டி ஒரு நேரத்தில் ஓடும், வாசிப்பவர் தன் கையை அதற்கு ஏற்ப வளைத்துக்கொள்வார். துல்லியமாகப் பொருத்திய எக்கோ தாளத்துக்குள் மறைந்துவிடும். பத்து, பதினைந்து மில்லிசெகண்ட் தள்ளி நின்றால்தான் அது எக்கோ என்று காது எடுத்துக்கொள்ளும்.

ரிப்பீட் நாபை முழுக்கத் திருப்பினால் எக்கோ அடங்காமல் தானே பெருகி ஊளையிடத் தொடங்கும். அந்த நேரத்தில் டைம் நாபைத் திருகினால் சுருதி ஏறி இறங்கி விண்கலம் புறப்படும் சத்தம் வரும். உண்மையான டேப்பில் மோட்டார் வேகம் மாறுவதால் வந்தது இது. விளையாடிப் பாருங்கள், ஆம்ப் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு.

கை

எல்லாம் சரியாக வைத்தும் வரவில்லை என்றால் கையைப் பாருங்கள். எக்கோவுக்கு இடம் விட்டு வாசிக்க வேண்டும். வேகமாக எட்டு சுரம் அடித்தால் அத்தனைக்கும் எக்கோ வந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறும். ஒரு சுரம், ஒரு மௌனம், அதற்குள் எக்கோ வந்து போகட்டும். ஹேங்க் மார்வின் பாணிக்கு பிரிட்ஜுக்குப் பக்கத்தில் பிக்கை வைத்துத் திடமாகத் தட்டி, ட்ரெமொலோ கம்பியை உள்ளங்கையில் பிடித்தபடியே சுரத்தின் கடைசியில் லேசாக அசைப்பது. அசைந்த சுரத்தின் எக்கோ அசையாத அடுத்த சுரத்தின் மேல் வந்து விழும்போது நமக்கு வேண்டியது கிடைக்கும். ஸ்ட்ரிங் தடியாக இருந்தால் இன்னும் நல்லது. 9 கேஜில் (ஸ்ட்ரிங்கின் தடிமன் எண்) பழகியவர்கள் 11-க்கு மாறிப் பார்க்கலாம், விரல் நுனி நான்கு நாள் வலிக்கும்.

வீட்டுக்கு வெளியே

வீட்டில் ஹெட்போனில் அருமையாக அமைத்த எக்கோவை அப்படியே ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோனேன். டைல்ஸ் தரை, வெறும் சுவர், உயரமான கூரை. மண்டபமே ஒரு எக்கோ பெட்டி. முதல் பாட்டில் நான் வாசித்தது எது, பெடல் திருப்பியது எது, சுவர் திருப்பியது எது என்று எனக்கே விளங்கவில்லை. ‘தம்பி, திருவிழா மைக் செட் மாதிரி இருக்கு’ என்றார் சவுண்ட் பார்த்த அண்ணன். கோயில் திருவிழாவில் ‘ஹலோ… லோ… லோ…’ என்று எக்கோ போட்டு அறிவிப்பார்களே, அதைச் சொன்னார். அவர் சொன்னது சரி.

அதற்கப்புறம் எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் பெடலை அணைத்துவிட்டு ஒரே ஒரு ‘டக்’ தட்டிக் கேட்கிறேன். அறையே திருப்பிச் சொன்னால் மிக்ஸைப் பாதிக்குப் பாதி இறக்குகிறேன், ரிவெர்பை அணைத்துவிடுகிறேன். கூட்டம் நிறைந்ததும் ஆட்களின் உடம்பும் துணியும் சத்தத்தைக் குடித்துவிடும், அப்போது கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். வீட்டில் அமைத்த நாப் நிலைகளை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பையில் போட்டுக் கொண்டுபோகும்போது நாப் நகராமல் வராது.